சம்பூர் சப் கொன்ட்ராக்டா, பிரதேச சபைப் பதிவா? கையில் பத்து இலட்சம் இருப்பவருக்கு

கிண்ணியாவில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி போன கிழமை கேட்டார். "அண்ணே, கையில பத்து இலட்சம் இருக்கு, ரெண்டு வயர்மேன் பொடியன்மார், ஒரு பட்டா லொறி. சம்பூர் வேலைக்குப் பின்னால போகவா, பிரதேச சபைகளில சாமான் வழங்குறவனா பதிஞ்சிட்டு இருக்கவா?" போனில் அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுதாக எழுதுகிறேன், ஏனென்றால் இதே கேள்வியோடு திருகோணமலையில் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

முதலில் சம்பூர், நம் மாவட்டத்தில் மூதூர்ப் பக்கம் இருக்கும் ஊர். 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் வருவதாக இருந்து 2016இல் கைவிடப்பட்ட இடம் அது. பிறகு இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் அரச மின் நிறுவனமான என்டிபிசியும் கூட்டாக முதற்கட்டம் 50, இரண்டாம் கட்டம் 70, மொத்தம் 120 மெகாவாட் சோலார் என்று திட்டமிட்டு, 2025 ஏப்ரலில் மோடி கொழும்பு வந்தபோது இணையவழியில் தொடக்கியும் வைத்தார்கள். பெரிய வேலைதான். ஆனால் பனல், இன்வேட்டர், டிரான்ஸ்போமர் எல்லாம் முதன்மைக் கொன்ட்ராக்டர் தொழிற்சாலையிலிருந்தே நேராக இறக்குவார், அதில் நம் கடைகளுக்கு இடமில்லை. நமக்கு வரக்கூடியது பற்றை வெட்டுவது, வேலி, கேபிள் கான் தோண்டுவது, சல்லி, மணல், தண்ணீர் பவுசர், வேலையாட்களுக்குச் சாப்பாடு, வாகன வாடகை. கப்பல்துறைக்கு இழுக்கும் 220 கிலோவோல்ட் லைனுக்கும் கோபுர அத்திவாரம், காடு வெட்டுதல் என்று இதே மாதிரி வேலைகள் இருக்கும். இவை எல்லாம் சேர்ந்து சில மாதங்கள், கூடிப்போனால் ஒன்றிரண்டு வருடம். பிளான்ட் ஓடத் தொடங்கிய பிறகு வரும் புல் வெட்டுதலும் பனல் கழுவுதலும்தான் இருபது வருடத்துக்கு மேல் நீளும் வேலை. சம்பூரை நினைத்து ஆட்களைத் தயார் செய்பவர் அதற்குத் தயார் செய்யட்டும்.

சப் கொன்ட்ராக்டில் என்னை அடித்த விஷயம் காசு வரும் நேரம். சில வருடம் முன்பு ஒரு பெரிய கொன்ட்ராக்டருக்குக் கீழே கான் வெட்டிக் கேபிள் புதைத்துக் கொடுத்தேன். மூன்று கிழமையில் வேலை முடிந்தது, பில்லும் கொடுத்தாகிவிட்டது, அதன் பிறகு அவருக்கு மேலிருந்து காசு வரவில்லை என்ற ஒரே பதிலை ஐந்து மாதம் கேட்டேன். பொடியன்மாரின் கூலியை மனைவியின் நகையை வங்கியில் வைத்துத்தான் கொடுத்தேன். அவர் ஏமாற்றவில்லை, கடைசியில் முழுதாகத் தந்தார். ஆனால் "எனக்கு வந்தால் உனக்கு" என்பதை வாய்ப்பேச்சிலேயே ஏற்றுக்கொண்டது என் பிழை. பில் கொடுத்து இத்தனை நாளில் காசு என்று எழுத்தில் வாங்காமல் பத்து இலட்சக்காரர் யாரும் சப் வேலை எடுக்கவே கூடாது.

அடுத்தது சபைகள். மூதூர், கிண்ணியா, குச்சவெளி, பட்டினமும் சூழலும் என்று நம்மைச் சுற்றி எத்தனை பிரதேச சபைகள், கூடவே கல்வி வலயங்கள், வைத்தியசாலைகள், மாகாணத் திணைக்களங்கள். பெரும்பாலும் வருடக் கடைசியில், ஒக்டோபர் நவம்பர் வாக்கில், அடுத்த வருடத்துக்கு வழங்குநர் பதிவுக்கு அழைப்பார்கள். வகைக்கு ஒரு சின்னக் கட்டணம், வியாபாரப் பதிவுச் சான்றிதழ், வரி இலக்கம், வங்கி விவரம், அவ்வளவுதான். பிறகு வருடம் முழுக்க எல்ஈடி தெருவிளக்கு, வயர், பிரேக்கர், குப்பைத்தொட்டி என்று விலைக்கூறல் கேட்டுக் கடிதம் வரும். ஒவ்வொன்றும் சின்னத் தொகை. இலாபமும் குறைவு. ஆனால் கடையில் இருக்கும் சாமானையே கொடுக்கலாம், வேலைக்கு வங்கி உத்தரவாதம் கட்டத் தேவையும் அநேகமாக வராது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். அரச கணக்கு டிசம்பர் 31உடன் மூடுகிறது. நவம்பரில் சாமானைக் கொடுத்துவிட்டு பில்லைச் சாவகாசமாக ஜனவரியில் நீட்டினால், அடுத்த வருட ஒதுக்கீடு வரும்வரை காத்திருக்க வேண்டிவரும்.

மின்சார சபையின் பெரிய டெண்டர்களில் நேரடியாகப் போட்டியிடுவதைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை, இந்தக் கட்டத்தில் வேண்டாம். விலைமனுவோடு வைக்கும் விலைமனுப் பிணை, வேலையை முடிப்பேன் என்பதற்கு வைக்கும் செயலாற்றுப் பிணை, முன்னனுபவச் சான்று, நிர்மாண வேலையென்றால் சீடா எனும் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையின் தரப்பதிவு, ஐம்பது இலட்சத்துக்கு மேல் போனால் பொது ஒப்பந்தச் சட்டத்தின் கீழ் கம்பனிப் பதிவாளரிடம் பதிவு. இதற்கெல்லாம் வேண்டிய அனுபவச் சான்றை முதலில் சபை வேலைகளில்தான் சேர்க்க முடியும்.

அப்புறம் கூரைச் சோலார். பலர் யோசிக்காத கதவு இதுதான் என்று நினைக்கிறேன். இந்திய உதவியில் நாடு முழுக்க 5000 மதத்தலங்களுக்குத் தலா 5 கிலோவாட் பூட்டும் திட்டம் நடந்தது, அதில் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் தேவாலயமும் உண்டு. அவற்றை நாளைக்கு யார் பார்ப்பது? நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல் கூரைகளில் உப்புக் காற்று செய்யும் வேலையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், சாதாரண இரும்பு போல்ட் இரண்டு மாரி தாங்காது. துருப்பிடிக்காத எஃகு போல்ட்டும், உப்பு மூடுபனிச் சோதனைக்கான ஐஈசி 61701 தேறிய பனலும் கேட்டு வாங்கத் தெரிந்த ஆள் இங்கே தேவை. பொடியன்மாருக்கு என்விகியூ எனும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுத்துக் கொடுத்து, நிலைபெறுதகு வலு அதிகாரசபையில் சோலார் சேவை வழங்குநராகப் பதிய முயற்சி செய்தால் அந்த இடத்துக்குப் போகலாம். தடையும் உண்டு. 2025 பெப்ரவரி 9 ஞாயிறு நாடே இருண்டது, ஏப்ரல் வருடப்பிறப்பு நாட்களில் பிற்பகல் மூன்று மணிவரை கூரைச் சோலாரை அணைக்கச் சொன்னார்கள். பகலில் பாவனை குறைந்து சூரிய மின்சாரம் மிஞ்சும்போது மின்கட்டமைப்பு தாங்கவில்லை. அதனால்தான் 16 கிரிட் உபநிலையங்களில் தலா 10 மெகாவாட் பற்றரிக்கு விலைமனு கேட்டார்கள். பற்றரி வேலை தெரிந்த வயர்மேனுக்கு இனிமேல் நல்ல காலம்.

சுற்றாடல் பக்கம் நேரடி வேலை குறைவு. மத்திய சுற்றாடல் அதிகாரசபை நம் ஊரில் அதிகம் சாமான் வாங்குவதில்லை, கழிவு சேகரிப்பு, கூட்டெரு எல்லாம் சபைகள் வழியாகத்தான் வரும். அதன் கை நம்மேல் விழுவது அனுமதிகளில். சம்பூருக்குச் சல்லி கொடுக்கப் போகிறவர் தான் எடுக்கும் குவாரிக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மகாவலி மணல் ஏற்றுகிறவரும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஒரு லோட் கூட எடுக்கக் கூடாது. லொறி பிடிபட்டால் பத்து இலட்சமும் அங்கேயே போய்விடும்.

இன்னொன்றையும் அந்தத் தம்பியிடம் சொன்னேன். 2025இல் முத்துநகர் விவசாயிகள் தங்கள் வயல் நிலம் சோலாருக்குப் போகிறது என்று தெருவில் இறங்கினார்கள். நிலம் யாருடையது, அங்கே யார் விதைத்தார்கள் என்று கேட்காமல் எந்தச் சோலார் வேலைக்கும் வேலி அடிக்கப் போக என் மனம் ஒப்பாது. அவரும் சரி என்றார். இந்த வருடம் மூன்று சபைகளிலும் ஒரு கல்வி வலயத்திலும் பதியப் போகிறார், பொடியன்மாரில் ஒருவரை என்விகியூ வகுப்புக்கு அனுப்புகிறார். சம்பூரில் பனல் கழுவ ஆள் கேட்கும் நாளில் விலை கொடுக்க, தண்ணீர் பவுசர் வாடகை எவ்வளவு என்று இப்போதே விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.