சென்ட்ரல் அருகே தங்க: ரயில் நிலைய ஓய்வறையா, சமையலறையுள்ள அடுக்ககமா?

ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை சென்னை சென்ட்ரலுக்கு நேர் எதிரே இருக்கிறது. நோயாளியுடன் வெளியூரிலிருந்து வருகிற குடும்பங்கள் எங்கே தங்குவது என்று தடுமாறுவதைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது.

வாடகை: ரயில்வே நிலையத்திலேயே பயணிகளுக்கு வாடகைக்குத் தரும் ஓய்வறை பெரும்பாலும் மலிவு. சமையலறையுள்ள அடுக்ககத்துக்கு (சர்வீஸ் அபார்ட்மென்ட்) நாள் வாடகை கூடுதல். வாரக் கணக்கில் பேசினால் குறையும். முன்பணம், துப்புரவுக் கட்டணம், கூடுதல் ஆளுக்கான தொகை மூன்றையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

முன்பதிவு: ஓய்வறைக்கு உறுதியான அல்லது ஆர்ஏசி டிக்கெட்டின் பிஎன்ஆர் எண் வேண்டும். பொதுவாக 48 மணி நேரமே உச்சவரம்பு. அடுக்ககத்துக்குப் பொதுவாக அடையாள அட்டை போதும்.

சாப்பாடு: என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது இதுதான். உப்பில்லாத கஞ்சியும் எண்ணெய் குறைந்த ரசமும் கடையில் வேளாவேளைக்குக் கிடைப்பதில்லை. ஓர் அடுப்பும் குக்கரும் இருந்தால் நோயாளிக்கு ஏற்றபடி சமைக்கலாம். இன்சுலின் வைக்கக் குளிர்சாதனப் பெட்டியும் பெரும்பாலும் இருக்கும். பாத்திரங்கள் உண்டா, லிஃப்ட் ஓடுகிறதா என்று நேரில் பாருங்கள்.

தூக்கம்: நிலையத்தில் இரவெல்லாம் அறிவிப்புச் சத்தம்.

ஒரே நாள் பரிசோதனை, மறுநாள் ரயில் என்றால் ஓய்வறையே சரி. அறுவை சிகிச்சை, தொடர் கதிர்வீச்சு என்று நாட்கள் நீளுமானால், கூடுதல் செலவானாலும் சமையலறையுள்ள இடத்தையே எடுங்கள்.