யார் எந்தக் கணினியில் லாகின் செய்யலாம்: யூசர் கணக்கில் பூட்டுவதா, குரூப் பாலிசியிலா?

எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பிரிவுக் கணினிகளை அந்தப் பிரிவினர் மட்டும்தான் தொட வேண்டும் என்று முடிவானது. விண்டோஸ் டொமைனில் (ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் கணினிகள், யூசர்களின் தொகுப்பு) இதற்கு இரண்டு வழிகள். ஆக்டிவ் டைரக்டரியில் (டொமைனின் யூசர், கணினி விவரங்கள் இருக்கும் இடம்) ஒவ்வொரு யூசராகத் திறந்து, ‘லாக் ஆன் டு’ பட்டியலில் அவருக்கான கணினிப் பெயர்களை எழுதலாம். இல்லாவிட்டால் அந்தக் கணினிகளைத் தனி ஓயூவில் (கணினிகளைப் பிரித்து வைக்கும் உட்பிரிவு) வைத்து, ‘அலோ லாக் ஆன் லோக்கலி’ (கணினியின் முன் உட்கார்ந்து லாகின் செய்யும்) உரிமையை ஒரு குரூப்புக்கு மட்டும் ஜிபிஓ (கணினிகளுக்குப் போய்ச் சேரும் குரூப் பாலிசி விதிகளின் தொகுப்பு) வழியே கொடுக்கலாம். நான் எடுத்தது இரண்டாவதை.

முதல் வழி எளிது. இரண்டு நிமிட வேலை, பாலிசி எதுவும் தெரிய வேண்டாம். ஆனால் அது ஆளைத்தான் பூட்டுகிறது, கணினியை அல்ல. கணக்குப் பிரிவுக் கணினிக்குள் மற்றவர்கள் வராமல் இருக்க, மற்ற எல்லோருடைய யூசர் கணக்கிலும் பட்டியல் போட்டாக வேண்டும். ஒரு தற்காலிகப் பணியாளரை ஒரே மேசையோடு நிறுத்தி வைக்க வேண்டுமென்றால் சரி, அதற்கு இதுவே போதும்.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது பராமரிப்புதான். ஒருவர் விற்பனையிலிருந்து கணக்குப் பிரிவுக்கு மாறினால் அவரை குரூப்பில் சேர்க்கிறேன், அவ்வளவுதான். பாலிசி புதுப்பிக்கப்பட 90 நிமிடம், அதன் மேல் 30 நிமிடம் வரை ஆகலாம் என்று சிலர் தயங்குவார்கள். அந்தக் காத்திருப்பு ஜிபிஓவை மாற்றும்போதுதான். குரூப்பில் ஆள் மாறுவதற்கு அது பொருந்தாது. பாலிசி ஏற்கெனவே கணினியில் இருக்கிறது, அடுத்த லாகினிலேயே புது உறுப்பினர் உள்ளே வந்துவிடுவார். ‘லாக் ஆன் டு’வில் அப்படி இல்லை. கணினியின் பெயரை மாற்றினாலும், பழையதைத் தூக்கிவிட்டு வேறு பெயரில் புதியது வைத்தாலும் யார் யார் பட்டியலில் அது இருந்தது என்று தேடிப் போக வேண்டும்.

ஜிபிஓவிலும் கவனம் வேண்டும். ‘அலோ’ பட்டியலை நிரப்பினால் கணினியில் முன்பிருந்த பட்டியல் அப்படியே போய்விடும், இரண்டும் சேராது. இரண்டு ஜிபிஓக்களில் எழுதினாலும் கடைசியாக வருவதுதான் நிற்கும். அதனால் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குரூப்பை மறக்காமல் சேருங்கள். ‘டினை’ (லாகினை மறுக்கும்) பட்டியலில் டொமைன் யூசர்ஸ் குரூப்பை மட்டும் போட்டுவிடாதீர்கள்: டொமைன் அட்மினும் வழக்கமாக அதில் உறுப்பினர்தான், ‘டினை’ எப்போதும் ‘அலோ’வை வெல்லும். அப்புறம், டொமைனில் புதிதாகச் சேரும் கணினி ‘கம்ப்யூட்டர்ஸ்’ கண்டெய்னரில் போய் உட்காரும். அது ஓயூ அல்ல, அதில் ஜிபிஓவை இணைக்க முடியாது. கணினியை உரிய ஓயூவுக்கு நகர்த்த வேண்டும், அல்லது ‘ரீடிர்கம்ப்’ கட்டளையால் இயல்பு இடத்தையே மாற்றிவிட வேண்டும்.

ரிமோட் டெஸ்க்டாப்புக்கு, அதாவது வேறு கணினியிலிருந்து நெட்வொர்க் வழியே நுழைவதற்கு, தனி உரிமை உண்டு. அதையும் அதே ஜிபிஓவில் அடைத்துவிடுவது நல்லது.

ஒன்றில் மட்டும் யூசர் கணக்குதான் கை கொடுக்கும்: காலை 9 முதல் மாலை 6 வரை மட்டும் லாகின் என்பது போன்ற நேரக் கட்டுப்பாடு. ‘லாகான் ஹவர்ஸ்’ அங்கேதான் இருக்கிறது, ஜிபிஓவில் இல்லை. அதனால் எங்களிடமும் நேரம் யூசர் கணக்கில், இடம் ஜிபிஓவில்.

நான் சொல்வதெல்லாம் ஒரே கட்டடத்துக்குள் இருக்கும் சிறிய நெட்வொர்க்கை வைத்து. ஊருக்கு ஊர் கிளையும் ஆங்காங்கே டொமைன் கன்ட்ரோலரும் (லாகினைச் சரிபார்க்கும் சர்வர்) இருந்தால், குரூப் மாற்றம் அடுத்த கிளைக்குப் போய்ச் சேரும் நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும்.