வீட்டுப் பட்டறைக்கு எந்த ஆர்கான் மெஷின்?

கோவையில் பட்டறைக்காரர்கள் டிக் வெல்டிங் என்று சொல்லிக் கேட்பது அபூர்வம். எல்லாருக்கும் அது ஆர்கான் வெல்டிங்தான். டார்ச்சில் உள்ள டங்ஸ்டன் ஊசியின் முனையில் ஆர்க் பிடித்து, காற்று படாமல் ஆர்கான் கேஸ் மூடிக் காக்க, உலோகத்தை உருக்கி ஒட்டும் முறை. "ஆர்கான் அடிச்சுத் தரணுங்க" என்றால் போதும், பொருளைக் கையில் வாங்கிக்கொள்வார்கள். அப்படி ஆவாரம்பாளையம் பக்கம் நாலைந்து வருடம் அலைந்துவிட்டு, இரண்டு வருடத்துக்கு முன் நானே ஒன்று வாங்கினேன். இது எனக்குத் தொழில் இல்லை. வாரம் முழுக்கக் கணக்கு எழுதுகிற வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகை. மொட்டை மாடிக்குச் செடி ஸ்டாண்டு, சைக்கிள் கேரியர், கைப்பிடி விட்டுப்போன எஸ்.எஸ். குண்டான், எப்போதாவது நண்பன் பைக்கின் சைலன்சர். இந்த அளவு வேலைக்கு எது தோதுப்படும் என்பதைத்தான் எழுதுகிறேன். பகலெல்லாம் ஓட்டுகிறவருக்கு என் கணக்கு பொருந்தாது.

என் முன்னால் இருந்தவை மூன்று வழிகள். கையில் இருக்கும், ராடு வெல்டிங் செய்கிற ஆர்க் மெஷினிலேயே ஆர்கான் டார்ச் மாட்டிக்கொள்வது, டிசி மட்டும் தரும் 200 ஆம்ப் டிக் மெஷின், ஏசி டிசி இரண்டும் தரும் மெஷின். நான் வாங்கியது நடுவில் உள்ளது. அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆர்க் மெஷினில் டார்ச் மாட்டுவதைத்தான் முதலில் செய்துபார்த்தேன், ஆறு மாதம் ஓட்டவும் செய்தேன். செலவு குறைவு, வால்வு வைத்த டார்ச், ரெகுலேட்டர், சிலிண்டர் இருந்தால் போதும். முதல் நாளே ஒரு கூத்து. ராடு வெல்டிங்கில் ஹோல்டரைப் பிளஸ்ஸில் மாட்டுகிற பழக்கத்தில் டார்ச்சையும் பிளஸ்ஸில் செருகிவிட்டேன். ஆர்க் பிடித்த இரண்டாவது நொடி, கூராகத் தீட்டி வைத்திருந்த டங்ஸ்டன் முனை உருகித் திரண்டு குன்றிமணி மாதிரி தொங்கியது. டிசியில் சூட்டின் பெரும்பங்கு, ஏறக்குறைய 70 சதவீதம், பிளஸ் பக்கம்தான் போய் இறங்கும். டங்ஸ்டன் உருக 3,400 டிகிரி வேண்டும் என்றாலும் 2.4 மில்லிமீட்டர் ஊசிக்கு அது தாங்காது. டார்ச் மைனஸ், வெல்டு செய்யும் பொருளைக் கவ்வும் எர்த் கிளிப் பிளஸ். அன்றிலிருந்து சாக்கெட் பக்கத்தில் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறேன்.

இந்த வழியில் தீக்குச்சி கிழிப்பது போல உரசித்தான் ஆர்க் பிடிக்க வேண்டும். உரசும்போது முனை இரும்பில் ஒட்டும், ஒட்டினால் மறுபடி கிரைண்டருக்கு ஓட வேண்டும். அது பழகிவிடும். பழகாதது வெல்டை முடிக்கிற இடம். கரண்டை மெல்லக் குறைத்து நிறுத்த வழியில்லை. டார்ச்சை வெடுக்கென்று இழுத்தால்தான் ஆர்க் அணையும், இழுத்த கையோடு கேஸும் அந்த இடத்தை விட்டுப் போய்விடும். இன்னும் சிவந்து கிடக்கும் குழியில் காற்று பட்டு, கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒரு பள்ளம் மிஞ்சும். சில நேரம் அதன் நடுவில் மயிரிழை விரிசலும் இருக்கும். செடி ஸ்டாண்டுக்கு அது போதும், தண்ணீர் நிற்க வேண்டிய பாத்திரத்துக்குப் போதாது.

டிசி மெஷினுக்கு மாறியபோது தெரிந்த முதல் வித்தியாசமே இந்த முடிவுதான். பட்டனை அழுத்தினால் முதலில் கேஸ் வருகிறது. ஹெச்.எஃப். எனும் உயர் அதிர்வெண் தீப்பொறி இரும்பைத் தொடாமலே தாவிப் பற்றுகிறது. பட்டனை விட்டால் கரண்ட் படிப்படியாக இறங்கி அணைகிறது. அதற்குப் பிறகும் நாலைந்து நொடி கேஸ் வந்துகொண்டே இருக்கும். அதுவரை டார்ச்சை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். அப்படி வைத்திருந்து எடுத்த முதல் எஸ்.எஸ். வெல்டில் முனைக்குழி நிரம்பி, இளமஞ்சள் நிறத்தில் மின்னியது. அதை வீட்டில் எல்லாரிடமும் காட்டினேன். ஹெச்.எஃப். அடிக்கும்போது அம்மாவின் ரேடியோ கரகரக்கிறது, அது ஒன்றுதான் புகார்.

மின்சாரம் தாங்குமா என்று பலர் பயப்படுகிறார்கள். ராடு வெல்டிங்கை விட இது இழுக்கும் மின்சாரம் குறைவு. ஒரே 100 ஆம்புக்கு ராடில் ஆர்க் வோல்டேஜ் 24 என்றால் ஆர்கானில் 14 அளவுதான். இரும்புக்கு ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு 40 ஆம்ப் என்பது குத்துமதிப்புக் கணக்கு. வீட்டு வேலையில் வரும் பைப்பும் தகடும் ஒன்று, ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர்தான், 80 ஆம்பைத் தாண்டுவதே அரிது. வயரிங் சரியாக இருந்தால் 16 ஆம்ப் பிளக்கில் ஓடும். பல்ஸ், 2டி, 4டி என்று கரண்டையும் பட்டனையும் இயக்கும் முறைகள் பற்றிய சமாச்சாரமெல்லாம் விற்பவர் விரிவாகச் சொல்வார், கேட்டுக்கொள்ளுங்கள். அவற்றை வைத்து முடிவு செய்யத் தேவையில்லை.

சரி, அலுமினியம்? மூன்றாவது மெஷினின் கதை முழுக்க அதுதான். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு தோல் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். டார்ச் மைனஸில் இருக்கும் டிசியில் அடித்தால் தோல் அப்படியே இருக்க, உள்ளே உலோகம் உருகிப் பாலாடைக்கு அடியில் பால் போலத் தளும்பும், ஒன்றோடொன்று சேராது. ஏசியில் ஒரு பாதி அலை அந்தத் தோலைப் பிய்த்துச் சுத்தம் செய்கிறது, மறு பாதி உருக்குகிறது. எந்தப் பாதிக்கு எவ்வளவு நேரம் என்று கூட்டிக் குறைக்கவும் ஒரு திருகு உண்டு. நண்பன் ஒருவனுடைய ஏசி டிசி மெஷினில் இரண்டு மாலை உட்கார்ந்து பழகினேன். உருகிய உலோகக் குட்டையின் ஓரம் வெள்ளிபோல வெளுத்து விரிவதைப் பார்ப்பதே தனி சுகம். ஆனால் இரண்டு மாலை என்பது அனுபவமாகாது. அலுமினியத்தில் எது நல்ல மெஷின் என்று என்னைக் கேட்டால், அதை வைத்துச் சோறு தின்கிறவரைக் கேளுங்கள் என்றுதான் சொல்வேன்.

அதை நான் வாங்காமல் விட்டதற்கு விலையும் ஒரு காரணம். நான் விசாரித்த கடைகளில் டிசி மெஷினைப் போல இரண்டரை மடங்கு சொன்னார்கள். ஆனால் கடன் வாங்கியாவது வாங்கியிருப்பேன். தடுத்தது ரிப்பேர்.

எங்கள் டிசி மெஷின் வாங்கிப் பதினோராவது மாதம், பட்டனை அழுத்தினால் கேஸ் வருகிறது, பொறி வரவில்லை. விற்ற கடையில் கேட்டேன். "கார்டு மாத்தணுங்க சார், கம்பெனிக்கு அனுப்பணும், ஒரு மாசம் ஆகும், சில சமயம் ரெண்டு" என்றார்கள். வாரண்டி இருந்தும் போக்குவரத்துச் செலவு என் தலையில். பேசாமல் தூக்கிக்கொண்டு, வெல்டிங் மெஷின் மட்டும் பார்க்கும் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். மூடியைக் கழற்றி முன்னால் வைத்தார். உள்ளே மூன்று அடுக்காக மூன்று கார்டு, அதாவது சர்க்யூட் போர்டு. மேலே கரண்டை வேகமாக வெட்டும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் வரிசை, நடுவில் டிரான்ஸ்ஃபார்மர், கீழே கரண்டை உள்ளே வாங்கி டிசியாக்கும் பகுதி. எல்லாவற்றின் மேலும் கிரைண்டர் தூள் கரிய மாவு போலப் படிந்திருந்தது. ஓரத்தில் ஹெச்.எஃப். பொறி தாவுகிற இரண்டு சின்ன முனைகள். அவை கரிப் பிடித்து, நடுவில் இரும்புத் தூள் பாலம் கட்டியிருந்தது.

"பைக் பிளக்கு மாதிரிதாந் தம்பி" என்று சொல்லி, உப்புத்தாளால் தேய்த்து, ஃபீலர் கேஜை நுழைத்து இடைவெளி பார்த்துத் திருகினார். பத்து நிமிடம். மூடியைப் போடுவதற்கு முன் பட்டனை அழுத்தச் சொன்னார். சடசடவென்று நீலப் பொறி.

இரண்டாவது தடவை பல்லி. இரவில் சூடு தேடி உள்ளே போயிருக்கிறது, காலையில் சுவிட்சைப் போட்டதும் டப் என்று ஒரு சத்தம். நாலு மாஸ்ஃபெட் போய்விட்டது. கே2611, இந்த வகை மெஷினில் எங்கும் காண்கிற சரக்கு. அண்ணன் டப்பாவில் எடுத்து வைத்திருந்தார். சாயங்காலம் மெஷின் வீட்டில்.

அன்று சும்மா பேச்சுக்குக் கேட்டேன், ஏசி டிசி மெஷின் வந்தால் பார்ப்பீர்களா என்று. அவர் சிரித்தார். "உள்ள வர்ற கரண்ட டிசி ஆக்கி, வெட்டி, மறுபடி டிசி ஆக்குற வரைக்கும் இதே கதைதாங்க தம்பி. அப்புறம் அந்த 200 ஆம்ப திரும்பவும் வெட்டி ஏசி ஆக்குறதுக்கு இன்னொரு பிரிட்ஜ் சர்க்யூட்டு இருக்குது பாருங்க, அதுதான் போகும். அந்தக் கார்டு எங்கிட்ட இல்ல, கடைலயும் இல்ல. மூலைல வெச்சிருக்கேன் பாருங்க" என்று காட்டினார். தூசி மூடிய இரண்டு மெஷின்கள், கார்டுக்குக் காத்துக் கிடந்தன. அவற்றின் விலை எனக்குத் தெரியும்.

இதிலிருந்து எல்லா ஏசி டிசி மெஷினும் போய்விடும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். என் நண்பனுடையது மூன்று வருடமாக ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. ஊரிலேயே சர்வீஸ் சென்டர் வைத்திருக்கும் பெரிய கம்பெனிச் சரக்கு என்றால் கணக்கு மாறலாம், அந்த விலையில் நான் எதையும் வாங்கிப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை வெல்டர்கள் வாங்குவது பெரும்பாலும் இறக்குமதியாகி இங்கே பெயர் ஒட்டி வரும் மெஷின்களைத்தான். அதில் உங்கள் ஊர் மெக்கானிக் எதைத் திறக்கிறார் என்று பார்த்து வாங்குங்கள். வாங்குவதற்கு முன் அவரிடம் போய், எந்த மாடல் அதிகம் வருகிறது, எதற்குக் கார்டு கிடைக்கிறது என்று கேளுங்கள். கடைக்காரர் சொல்லாததை அவர் சொல்வார். நான் வாங்கிய பிறகுதான் கேட்டேன், அதிர்ஷ்டம், சரியாகப் போயிற்று.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை நானே மூடியைத் திறந்து காற்று அடிக்கிறேன். பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் விட்டுத்தான் திறப்பேன். உள்ளே கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கியதும் அது போய்விடாது. அரை மணி ஆனாலும் உள்ளே கை வைப்பதில்லை, தள்ளி நின்று ஊதுவதோடு சரி. கிரைண்டரை மெஷினுக்கு எதிர் மூலைக்கு மாற்றிவிட்டேன். பின்பக்கச் சல்லடைக்கு மேல் கொசுவலைத் துண்டு ஒன்று கட்டியிருக்கிறேன், வெல்டு அடிக்கும்போது கழற்றிவிடுவேன். பல்லிக்கு அது போதுமா தெரியவில்லை, இதுவரை தாங்குகிறது.

சிலிண்டர் பற்றியும் ஒரு வார்த்தை. எந்த மெஷின் வாங்கினாலும் இந்தச் செலவு ஒன்றுதான், ஆனால் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 10 லிட்டர் சிலிண்டரில் 150 பார் அழுத்தத்தில் ஏறக்குறைய 1,500 லிட்டர் கேஸ் இருக்கும். நிமிடத்துக்கு 8 லிட்டர் விட்டால் மூன்று மணி நேர ஆர்க். கேட்கக் குறைவாகத் தெரியும். எனக்கு இரண்டு மாதம் வருகிறது. பழைய சிலிண்டர் வாங்கினால் கழுத்தில் அடித்திருக்கும் ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பி அழுத்தம் தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனை) தேதியைப் பாருங்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும். நான் பார்க்காமல் வாங்கி, கேஸ் நிரப்புகிற இடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஃபேன் போட்டால் கேஸ் கலைந்துவிடும் என்பதால் மே மாதம் தகரக் கொட்டகைக்குள் விசிறி இல்லாமல்தான் வேலை. வெக்கையில் வேலை குறைந்துவிடும், அப்போது சிலிண்டர் மூன்று மாதம் வரும்.

கடையில் மெஷினைப் பார்க்கும்போது அதிகபட்ச ஆம்பைக் காட்டுவார்கள். நீங்கள் 20 ஆம்பில் வைத்து மெல்லிய எஸ்.எஸ். தகட்டில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆர்க் நடுங்காமல் நிற்கிறதா, அணையும்போது இறங்கி அணைகிறதா என்று பாருங்கள். டார்ச்சின் சுவிட்சும் ஒயரும்தான் முதலில் போகும், அந்தக் கனெக்டருக்கு மாற்று டார்ச் தனியாகக் கிடைக்குமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். டங்ஸ்டன் ஊசியில் சிவப்பு வண்ணமிட்ட முனை வேண்டாம், அதில் தோரியம் உண்டு, தீட்டும் தூள் மூச்சில் போகும். தங்க நிறம் அல்லது நீல முனை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு வருடத்தில் எனக்கு அலுமினிய வேலை ஐந்து முறை வந்தது. ஐந்தையும் பையில் போட்டுக்கொண்டு பழைய ஆர்கான் கடைக்கே போனேன். போன வாரம் ஸ்கூட்டரின் இன்ஜின் கவர். அடித்துக் கொடுத்துவிட்டு, "உங்க மெஷின் என்னாச்சுங்க சார்?" என்று கேட்டார் கடைக்காரர். "டிசிங்க" என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த வேலையைக் கையில் எடுத்தார்.