காட்டு லில்லியும் சூரியகாந்தியும்: தைவானின் இரு மாணவர் போராட்டங்கள்

1990 மார்ச்சில் தைபேயின் சியாங் காய்-ஷேக் நினைவு மண்டபத் திடலில் அமர்ந்த மாணவர்கள், 1947-இல் சீனப் பெருநிலத்தில் தேர்வாகி நாற்பதாண்டுகளுக்கு மேலாகப் பதவியில் நீடித்த, அதிபரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் கொண்ட தேசியப் பேரவையைக் கலைக்கக் கோரினர். ருக்காய் பழங்குடியினர் தலையில் சூடிப் போற்றும் லில்லி மலரைச் சின்னமாக்கி, அதன் பெரிய உருவத்தைத் திடலில் நிறுத்தினர். அதிபர் லீ டெங்-ஹுய் மாணவப் பிரதிநிதிகளை நேரில் சந்தித்தார். 1991 இறுதிக்குள் அந்த மூத்த உறுப்பினர்கள் விலகினர், 1996-இல் மக்களே அதிபரைத் தேர்ந்தெடுத்தனர்.

2014-இல் நிலைமை வேறு. சீனாவுடனான சேவை வணிக ஒப்பந்தம் நாடாளுமன்றக் குழு நிலையில் முப்பது வினாடிகளில் அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவிடப்பட்டதால் (அதைப் பரிசீலனை என்பதே மிகை) கொதித்தெழுந்த மாணவர்கள், மார்ச் 18 இரவு நாடாளுமன்றத்துக்குள் புகுந்து ஏப்ரல் 10 வரை அவையைத் தம் வசம் வைத்திருந்தனர். பூ வியாபாரி ஒருவர் அனுப்பிய சூரியகாந்திகளே பெயராயின. நிர்வாக மன்றத்துக்குள் (அமைச்சரவையின் அலுவலகம்) நுழைந்தவர்களைக் காவல்துறை நீர்ப்பீரங்கியால் விரட்டியது. ஒப்பந்தம் இன்றுவரை நிறைவேறவில்லை.

முன்னது ஆட்சியமைப்பையே மாற்ற உதவியது, பின்னது ஒரு முடிவைத் தடுத்தது; ஆயினும் தேர்ந்தெடுக்கப்பட்ட அவையையே முற்றுகையிட்டதால், சட்டபூர்வத்தன்மை குறித்த கேள்விகள் இரண்டாவதன்மீதே கூடுதலாக எழுந்தன.