புதுப் பாட்டை முதலில் யாரிடம் பாடிக் காட்டுவது?

ஆராதனைக்கென்று ஒரு பாட்டு எழுதி மெட்டும் போட்டாயிற்று. அடுத்து யாரிடமாவது பாடிக் காட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். நம் சபைகளில் இதற்கு இருக்கும் வழிகள் கொஞ்சம்தான்: இசைக்காரர்களின் வாட்ஸ்அப் குழு, பாடகர் குழுத் தலைவர், போதகர், வீட்டு ஜெபக்கூட்டம். பொறுமை இல்லாதவர்களுக்கு நேரே யூடியூப். என்னைக் கேட்டால் முதல் இடம் ஜெபக்கூட்டத்துக்குத்தான். ஆனால் பெரும்பாலோர் தொடங்குவது வாட்ஸ்அப்பில்.

அங்கே ஒரு வாய்ஸ் நோட்டைப் போட்டுப் பாருங்கள். சற்று நேரத்தில் கைகூப்பும் படங்களும் 'அருமை பிரதர், தேவனுக்கே மகிமை'யும் வரிசைகட்டும். ஆண்டவரைப் பற்றிய பாட்டைக் குறை சொல்வதா என்ற தயக்கம் எல்லோருக்கும் உண்டு. பாட்டைப் போட்டவர் நாளை நம் பாட்டையும் கேட்க வேண்டுமே என்ற கணக்கும் உண்டு. ஆனால் ஒரு விஷயத்தில் இந்தக் குழுக்கள் கெட்டி. மெட்டு உங்களை அறியாமல் ஏதாவது சினிமாப் பாட்டிலிருந்து வந்திருந்தால் யாராவது ஒருவர் உடனே பிடித்துவிடுவார். இசை தெரிந்த நூறு காது இருக்கிற இடத்தில் அது தப்பாது. இன்னொன்று, கேட்கிற விதத்தை மாற்றினால் வருகிற பதிலும் மாறும். 'எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் 'அருமை' என்றுதான் வரும். 'மூன்று சரணத்தில் ஒன்றை எடுக்கச் சொன்னால் எதை எடுப்பீர்கள்?' என்று கேளுங்கள். தயக்கம் போய் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள்.

எதை அனுப்புவது என்பதிலும் போட்டி இருக்கிறது. வெறும் வரிகளை அனுப்பினால் கவிதையாக வாசித்து எதுகை மோனை பார்ப்பார்கள். ஸ்டுடியோவில் ட்ராக் போட்டு, புல்லாங்குழல் வைத்து, மிக்சிங் முடித்து அனுப்பினால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். இவ்வளவு செலவு செய்தவரிடம் பல்லவி சரியில்லை என்று எப்படிச் சொல்வது? போனில் கையால் தாளம் தட்டிப் பாடிப் பதிந்த ஒன்றுதான் சரி. இன்னும் முடியவில்லை, திருத்தலாம் என்று அதுவே சொல்லிவிடும். கூடவே ஸ்கேலும் ரிதமும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். நம் பழைய கீர்த்தனைப் புத்தகங்களில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகமும் தாளமும் அச்சிட்டிருப்பதும் இதற்குத்தானே.

பாடகர் குழுத் தலைவர் வேறு ரகம். பாராட்டு அவரிடம் சுலபத்தில் வராது. ஒரு ஸ்தாயிக்கு (கீழ் 'ச' முதல் மேல் 'ச' வரை) மேல் எத்தனை சுரம் போகிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பார். மேடையில் மைக்கோடு நிற்கிறவருக்கு ஒன்றரை ஸ்தாயி எளிது; கடைசி பெஞ்சுக்காரருக்கு அல்ல. அடுத்து குறில் நெடில். 'தேவா' என்பதில் 'தே'யை ஓடுகிற சுரத்தில் விட்டுவிட்டு, தொடர்கிற 'என்' என்ற குறிலை நான்கு மாத்திரை இழுத்திருந்தால் அவர் முகம் சுருங்கும். அப்புறம் மூச்சு விடும் இடம். 'நீர் எங்களை விட்டு விலகி நிற்பதில்லை' என்று ஒருவர் எழுதுகிறார் என்று வையுங்கள். மெட்டுப்படி 'விலகி' என்ற இடத்தில் நான்கு தட்டு நிற்கிறது. சபை முழுவதும் 'நீர் எங்களை விட்டு விலகி' என்று பாடிவிட்டு மூச்சு வாங்கும். தாளில் பார்த்தால் இது தெரியவே தெரியாது. இவரிடம் ஒரே சிக்கல்: அவர் ரசனைக்குப் பொருந்தாத எதையும் மெல்ல மெல்லக் கீர்த்தனையாகவோ மேற்கத்திய மெட்டுப் பாமாலையாகவோ மாற்றிவிடப் பார்ப்பார். இளைஞர் ஆராதனைக்கு எழுதிய பாட்டு நான்கு குரலில் பிரிந்து நிற்கும்.

போதகரிடம் மெட்டைப் பற்றிக் கேட்பதில் பெரிய பயனில்லை. பாடத் தெரிந்த போதகர்கள் மன்னிக்கவும். அவர் பார்க்க வேண்டியது பாட்டின் வரிகளை. புதிதாக எழுதுகிறவர்களிடம் அடிக்கடி வருகிற ஒரு பிழை, யாரை 'நீர்' என்கிறோம் என்பது. முதல் வரியில் 'உம் குமாரனைத் தந்தீரே', அடுத்த வரியில் 'எனக்காக மரித்தீரே'. இரண்டும் ஒரே 'நீர்' என்றால் சிலுவையில் மரித்தவர் பிதா என்றாகிவிடும். சபை 3ஆம் நூற்றாண்டிலேயே விவாதித்துத் தள்ளிய கருத்து இது. நம் சரணத்தில் தெரியாமல் வந்து உட்கார்ந்துவிடுகிறது. பாடுகிற சபை அதை மனப்பாடம் செய்துவிடும் என்பதால், மெட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதை விடக்கூடாது. இந்தப் பிழைக்குக் காரணம் நம் மொழி தருகிற வசதியும்தான். 'நல்லவரே, வல்லவரே, தந்தீரே, மீட்டீரே' என்று எல்லாம் 'ரே'யில் முடிவதால் இயைபு கேட்காமலே கிடைக்கிறது. எழுதுகிறவர் நின்று யோசிப்பதில்லை.

இனி ஜெபக்கூட்டம். மாலை ஏழு மணிக்கு யாரோ ஒருவர் வீட்டு முன்னறை. கீபோர்டு இல்லை, புரொஜெக்டர் இல்லை. வேலை முடிந்து வந்த களைப்பில் இருபது பேர், பாதிப் பேர் பாட்டிமார். பல்லவியைச் சொல்லிக்கொடுத்து, பாடவைத்து, நீங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். கருத்தே கேட்க வேண்டாம். மேல் சுரம் வருகிற இடத்தில் எத்தனை குரல் நிற்கிறது என்று கவனியுங்கள். வரி முடிவில் நீங்கள் எட்டு அட்சரம் (தாளத் தட்டு) இடைவெளி விட்டிருப்பீர்கள். அங்கே கீபோர்டு வாசிப்பதாக உங்கள் மனதில் ஓடும். மக்கள் அதுவரை காத்திருக்கமாட்டார்கள், அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். பெரும்பாலும் அவர்கள் செய்ததே சரி. ஒரே இடத்தில் எல்லோரும் ஒன்றுபோல ஒரு சுரத்தை மாற்றினால், திருத்த வேண்டியது உங்கள் மெட்டை. அடுத்த வாரம் யாராவது தானாக அந்தப் பல்லவியை எடுத்தால் நூறு கைகூப்பும் படங்களைவிட அது பெரிது. எடுக்கவில்லையென்றால் அதுவும் பதில்தான்.

இப்படி எழுதியவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஆல்னி என்ற சிற்றூரில் குருவாக இருந்த ஜான் நியூட்டன், தன் நண்பரான கவிஞர் வில்லியம் கூப்பரோடு சேர்ந்து ஊர் ஜெபக்கூட்டத்துக்கென்று பாட்டுகள் எழுதினார். வந்தவர்களில் பலர் லேஸ் பின்னிப் பிழைத்த ஏழைகள். அதனால் சொல் எளிமையாக இருந்தே ஆக வேண்டும். 1779இல் தொகுப்பு அச்சானபோது அதில் 348 பாட்டுகள். பெரும்பாலானவற்றை இன்று யாரும் பாடுவதில்லை. உலகமெங்கும் பாடுகிற 'அமேசிங் கிரேஸ்' அவற்றில் ஒன்று; இப்போது நாம் அறிந்த மெட்டோ 1835இல்தான், அதுவும் அமெரிக்காவில், அதோடு சேர்ந்தது. நியூட்டன் அதைக் கேட்டதே இல்லை.

யூடியூபைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கருத்துப் பெட்டியில் வருவது ஜெப விண்ணப்பமும் வாழ்த்தும்தான். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கை பாட்டைவிட வீடியோவையும் விளம்பரத்தையும் பற்றியே அதிகம் பேசுகிறது. ஏற்றிய பிறகு ஒரு வரியை மாற்றினால் பழையதும் சுற்றிக்கொண்டே இருக்கும். கடைசியாகப் போக வேண்டிய இடம்.

மற்றவர் கை வைப்பதை எவ்வளவு அனுமதிப்பது என்பதும் எழுதுகிறவர்களுக்கு ஒரு குடைச்சல். ஆங்கிலப் பாடலாசிரியர் சார்லஸ் வெஸ்லி 1739இல் வெளியிட்ட ஒரு கிறிஸ்துமஸ் பாட்டின் முதல் வரியை 1753இல் பிரசங்கியார் ஜார்ஜ் விட்ஃபீல்டு மாற்றினார். நம் பாமாலையில் 'கேள் ஜென்மித்த ராயர்க்கே' என்று தொடங்குவது அதுதான். உலகம் வைத்துக்கொண்டது மாற்றிய வடிவத்தை. சார்லஸின் அண்ணன் ஜானுக்கோ இந்த வேலை பிடிக்காது. 1780இல் வந்த தொகுப்பின் முன்னுரையில், எங்கள் பாட்டுகளை அச்சிடுங்கள், ஆனால் திருத்தாதீர்கள், திருத்தியே தீருவேன் என்றால் எங்கள் மூல வரியைப் பக்கத்தின் ஓரத்திலோ அடியிலோ போடுங்கள் என்று எழுதிவைத்தார். நான் விட்ஃபீல்டு பக்கம். அதற்காக எல்லார் சொல்லுக்கும் ஆடினால் ஜெபக்கூட்டத்துக்கு ஒரு பாட்டு, பாடகர் குழுவுக்கு ஒரு பாட்டு என்று ஆகிவிடும். நான் செய்வது: ஜெபக்கூட்டத்தில் மெட்டைச் சரிபார்ப்பது, பிறகு வரிகளைப் போதகரிடம் கொடுப்பது, தேவைப்பட்டால் பாடகர் குழுத் தலைவர். வாட்ஸ்அப்பில் கேட்பது 'இந்த மெட்டு எங்காவது கேட்டதுண்டா?' என்ற ஒரே கேள்வி.

பகிர்ந்தால் திருடிவிடுவார்களே என்று பயப்படுகிறவர்களுக்கு: இந்தியாவில் பதிவு செய்யாவிட்டாலும், எழுதியபோதே பதிப்புரிமை உங்களுடையது. வரிக்கும் மெட்டுக்கும் உரிமை தனித்தனி. மெட்டு நண்பருடையது என்றால் அனுப்புகிற தாளில் அவர் பெயரையும் தேதியையும் போட்டுவிடுங்கள்.