மொபைல் வீடியோ ஆய்வை எதில் சோதிப்பது: சிமுலேட்டரா, டிரேஸா, காட்பாடி பஸ்ஸா?

வேலூர் பக்கம் எம்.டெக்., பிஎச்.டி.க்கு அடாப்டிவ் ஸ்ட்ரீமிங் (நெட் வேகத்துக்கேற்ப வீடியோ தரத்தை மாற்றும் முறை) எடுப்பவர்களிடம் முதல் ரெவ்யூவிலேயே கேட்கப்படும் கேள்வி: "அல்காரிதம் சரி, எதுல டெஸ்ட் பண்ணப் போறீங்க?" என்எஸ்-3 சிமுலேஷன் (நெட்வொர்க் முழுவதையும் கணினியில் மாதிரியாக ஓட்டுவது), பதிவு செய்த டிரேஸை (நிஜ நெட்டின் வேக ஏற்ற இறக்கப் பதிவு) மஹிமஹி எமுலேட்டரில் ஓட்டுவது, போனோடு பஸ் ஏறுவது என்று மூன்று வழி உண்டு. பெரும்பாலானவர்களுக்கு நடுவில் உள்ளதுதான் சரி. ஆனால் டிரேஸ் நம் ஊரில் எடுத்ததாக இருக்க வேண்டும்.

என்எஸ்-3 எதற்கு நல்லது என்றால், டவரின் உள்ளே கை வைக்கிற ஆய்வுக்கு. ஷெட்யூலரை (எந்தப் போனுக்கு எப்போது அனுப்புவது என்று முடிவு செய்யும் பகுதி) மாற்றுவது, ஹேண்ட்ஓவர் (போன் அடுத்த டவருக்கு மாறுவது) எல்லையை நகர்த்துவது போன்றவற்றுக்கு அதுதான் எளிய வழி. வீடியோ பிளேயரைச் சோதிக்க அது தோதுப்படாது. பிரவுசர், டிகோடர், டிசிபி (டேட்டா அனுப்பும் நெறிமுறை) எல்லாமே மாதிரிகள்தான். சிக்னல் இழப்புக்கு வெட்டவெளிக் கணக்கையே வைத்து ஓட்டினால், வேலூரைச் சுற்றி நிற்கும் பாறை மலைகள் முடிவில் எட்டிக்கூடப் பார்க்காது.

மஹிமஹியில் ஓடுவது நிஜ குரோம், நிஜ பிளேயர். நெட்வொர்க் மட்டும்தான் பதிவு. டிரேஸ் ஃபைலில் வரிக்கு ஓர் எண். அந்த மில்லி விநாடியில் 1500 பைட் பாக்கெட் ஒன்று போகலாம் என்று பொருள். மில்லி விநாடிக்கு ஒரு வரி என்றால் 12 எம்பிபிஎஸ், நாலுக்கு ஒன்று என்றால் 3. ஃபைல் முடிந்தால் முதலிலிருந்து மறுபடி ஓடும். 20 விநாடி டிரேஸில் 5 நிமிட வீடியோ பார்த்தால் ஒரே பள்ளம் 15 முறை வரும். பதிவு சிக்னல் இல்லாத இடத்தில் முடிந்திருந்தால் அந்தக் கடைசி மௌனம் ஃபைலில் இருக்காது, ஏனென்றால் சுற்றின் நீளத்தைத் தீர்மானிப்பது கடைசி வரிதான்.

இதில் அதிகம் பேர் சறுக்கும் இடங்கள் இரண்டு. மஹிமஹியின் இயல்பான க்யூவுக்கு (அனுப்பக் காத்திருக்கும் பாக்கெட் வரிசை) அளவே இல்லை. பாக்கெட் விழாமல் குவிந்து தாமதம் விநாடிக்கணக்கில் ஏறும். டிராப்டெயில் க்யூ (நிரம்பினால் புதிதாக வரும் பாக்கெட்டைக் கைவிடுவது) வைத்து 100 பாக்கெட் போல ஒரு வரம்பு கொடுங்கள், அந்த எண்ணைத் தீசிஸில் எழுதுங்கள். இரண்டாவது, பிரவுசர் கேச். ஒரே வீடியோவை மறுபடி ஓட்டினால் செக்மென்ட்கள் (வீடியோத் துண்டுகள்) டிஸ்க்கிலிருந்தே வரும், இரண்டாவதாக ஓடிய அல்காரிதம் அபாரமாகத் தெரியும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புது பிரவுசர் புரொஃபைல் தேவை.

பொதுவில் கிடைக்கும் டிரேஸ்களில் அதிகம் புழங்குவது நார்வேயின் ஆஸ்லோ 3ஜி தொகுப்பு. டிராமிலும் படகிலும் எடுத்தது. எம்ஐடியின் பென்சீவ் என்ற ஸ்ட்ரீமிங் ஆய்வு (2017) உட்படப் பலரும் பயன்படுத்தியதால் பழைய ஆய்வுகளோடு ஒப்பிட அது வேண்டும். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு நம் ஊர் 4ஜியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

சொந்தமாக எடுக்க, கிளவுட் சர்வரிலிருந்து போனுக்கு ஐபர்ஃப்3-ஐ (வேகம் அளக்கும் கருவி) யுடிபியில் (வேகத்தைத் தானாகக் குறைக்காத நெறிமுறை), ரிவர்ஸ் மோடில் (சர்வர் அனுப்ப, போன் வாங்கும்), 0.1 விநாடி இடைவெளியில் ஓட்டுங்கள். வேகத்தைக் கையால் கொடுக்காவிட்டால் யுடிபி 1 எம்பிபிஎஸ்ஸிலேயே நிற்கும். அடுத்த ஆபத்து டேட்டா பேக். 20 எம்பிபிஎஸ்ஸில் 2 ஜிபி சுமார் 13 நிமிடத்தில் காலி. காட்பாடியில் ஏறினால் பாகாயம் வருவதற்குள் தீர்ந்துவிடும். பல பேக்குகளில் அதன்பின் வேகம் 64 கேபிபிஎஸ். வரைபடத்தில் அது கவரேஜ் இல்லாத இடம் போலவே இருக்கும். அடையாளம் காண்பது சுலபம்: நிஜச் சிக்னல் வீழ்ச்சி ரம்பப் பல் போல ஏறி இறங்கும், பேக் தீர்ந்தது ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராகப் போகும்.

எடுத்ததெல்லாம் உதவாது. வீடியோவின் உச்ச பிட்ரேட் 5 எம்பிபிஎஸ்ஸாக இருக்க, டிரேஸ் முழுக்க 25 இருந்தால் எல்லா அல்காரிதமும் ஒரே மதிப்பெண் வாங்கும். பென்சீவ் குழு சராசரி 6 எம்பிபிஎஸ்ஸுக்குக் குறைவான, 0.2-க்குக் கீழே இறங்காத டிரேஸ்களையே எடுத்தது. மேல் வரம்பை நாமும் அப்படியே வைக்கலாம். கீழ் வரம்பு வேண்டாம்; ஜவ்வாது மலைப் பாதையில் பூஜ்யம் வருவதுதானே பார்க்க வேண்டிய விஷயம்.

பஸ் சோதனை உண்மைக்கு மிக நெருக்கம், ஆனால் ஒப்பீட்டுக்கு மிகப் பலவீனம். காலை நெரிசலில் ஓடிய அல்காரிதமையும் மதியம் காலி பஸ்ஸில் ஓடியதையும் ஒன்றாக வைக்க முடியாது. ஸ்டான்ஃபோர்டின் பஃபர் (Puffer) ஆய்வு (2020) நிஜப் பயனர்களிடம் சோதித்துக் கண்டது: ஒவ்வொரு அல்காரிதமுக்கும் ஓராண்டு அளவு ஸ்ட்ரீம் சேர்ந்தாலும், தேக்க விகிதத்தில் (வீடியோ நின்று காத்திருக்கும் நேரத்தின் பங்கு) 20% முன்னேற்றத்தைப் புள்ளியியல்படி உறுதியாகப் பிரித்தறிய முடியாது. நாலு பஸ் பயணத்தை வைத்து "12% மேம்பாடு" என்று எழுதினால் வைவாவில் நிற்காது. அதே ஆய்வில் எளிய பஃபர் (buffer) அடிப்படை முறையும் (பிளேயரில் சேர்ந்திருக்கும் வீடியோ அளவைப் பார்த்துத் தரத்தை முடிவு செய்வது) நன்றாகவே தாக்குப்பிடித்தது. ஒப்பீட்டுப் பட்டியலில் அதை விடவே கூடாது. பஸ்ஸைக் கடைசியில், எமுலேட்டரில் கண்ட போக்கு நிஜத்திலும் தென்படுகிறதா என்று பார்க்க மட்டும் வையுங்கள்.

டிரேஸைக் குழுவோடு பகிர்வதிலும் தேர்வு உண்டு. லிங்க் இருந்தால் யாரும் திறக்கலாம் என்ற டிரைவ் ஃபோல்டர் வேண்டாம். ஜிபிஎஸ்ஸும் நேரமும் சேர்ந்தால் பதிவு செய்தவர் வீடு தெரிந்துவிடும். கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட ஃபைலை ஏற்காது, ஒருமுறை ஏற்றிய ஜிபிஎஸ் நீக்கினாலும் ஹிஸ்டரியில் தங்கும். ஆர்குளோன் கிரிப்ட் (rclone crypt) என்ற குறியாக்கக் கருவியை வைத்து, நம் கணினியிலேயே பூட்டி அதே டிரைவில் ஏற்றுவது மேல். அதன் பாஸ்வேர்டு தொலைந்தால் டேட்டாவும் போச்சு, ஆகவே கைடிடமும் ஒரு பிரதி இருக்கட்டும்.