பொங்கோல் இலகு ரயில்: வீடுகளுக்கு முன்பே வந்த பாதை

புது வீடு பார்க்கப் போகிறவர்கள் அறைகளின் அளவையும் சமையலறைச் சன்னலையும் கவனிக்கிறார்கள். குடியேறிய முதல் மாதத்திலேயே, வாசலுக்கு வெளியே இருக்கும் சாலையும் பேருந்தும் ரயிலும் அந்த வீட்டின் பாதி என்பது விளங்கிவிடும். சிங்கப்பூரின் வடகிழக்கிலுள்ள பொங்கோலில் பத்தாண்டுகளுக்கு மேலாகக் குடியிருந்து, அங்குள்ள இலகு ரயிலில் நாள்தோறும் பயணம் செய்பவன் என்ற முறையில், வீடுகள் எழுவதற்கு முன்பே பொதுப்பணத்தில் அமைக்கப்பட்ட இந்தச் சேவை எங்களுக்கு என்ன தந்திருக்கிறது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பயண அனுபவம். பொங்கோல் பெருவிரைவு ரயில் நிலையத்தில் தொடங்கி, கிழக்கிலும் மேற்கிலும் இரண்டு வட்டங்களாகச் சுற்றி அதே இடத்துக்குத் திரும்பும் இந்தப் பாதையின் நீளம் சுமார் 10.3 கிலோமீட்டர், நிலையங்கள் 15. ஓட்டுநர் கிடையாது. ரப்பர் சக்கரங்களில் ஓடும் சிறிய பெட்டிகள் உயர்த்தப்பட்ட தடத்தில் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு இடையே வளைந்து செல்கின்றன. முழங்கால் வலியுள்ள என் தாயாரை அழைத்துச் செல்லும் நாள்களில்தான் இதன் அருமையை நான் முழுமையாக உணர்கிறேன்: கீழேயிருந்து மின்தூக்கி, மேடையின் மட்டத்திலேயே பெட்டியின் தரை, ஏறி இறங்கப் படி ஏதும் இல்லை. நிலையங்களுக்குக் கடல் சார்ந்த பெயர்கள் பல உண்டு. மேற்கு வட்டத்தில் சமுத்திரா, கிழக்கு வட்டத்தில் கடலூர். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் அம்மாவின் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சிக்காகவே கிழக்கு வட்டத்தில் சில முறை சுற்றி வந்திருக்கிறோம்.

குறை என்று சொன்னால் காலை நெரிசலைச் சொல்ல வேண்டும். நகரம் வளர்ந்த வேகத்துக்குச் சிறிய பெட்டிகள் ஈடுகொடுக்கவில்லை. பக்கத்து நகரான செங்காங், பொங்கோல் இரண்டுக்கும் சேர்த்து 25 இரட்டைப் பெட்டி ரயில்களை வாங்குவதாக நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்ததே, இந்தத் தேவை உண்மையானது என்பதற்குச் சான்று.

ஆனால் இந்தச் சேவையை மதிப்பிடும்போது நெரிசலைவிட முக்கியமாக எனக்குப் படுவது அதன் வரலாறு. பொங்கோலைப் புதிய நகரமாக உருவாக்கும் 'பொங்கோல் 21' திட்டத்தை 1996 தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் கோ சோக் டோங் அறிவித்தார். அடுத்த ஆண்டே ஆசிய நிதி நெருக்கடி வந்தது. வீடுகள் கட்டும் வேகம் குறைந்தது. ரயில் பாதைப் பணி மட்டும் நிற்கவில்லை. பொங்கோல் வரை வரும் பெருவிரைவு ரயிலின் வடகிழக்குப் பாதை 2003 ஜூன் 20 அன்று திறக்கப்பட்டது. இலகு ரயிலின் கிழக்கு வட்டம் 2005 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. அதனுடன் சேர்த்துக் கட்டப்பட்ட மேற்கு வட்டமோ 2014 ஜூன் 29 வரை பயணிகள் இல்லாமல் காத்திருந்தது. அந்த வட்டம் இயங்கத் தொடங்கிய பிறகும் டெக் லீ நிலையம் திறக்கப்படவில்லை; சுற்றிலும் குடியிருப்பு இல்லை என்பதால் பத்தாண்டுகள் ரயில்கள் அதில் நிற்காமலே கடந்து சென்றன. 2024 ஆகஸ்ட் 15 அன்றுதான் அதன் கதவுகள் திறந்தன.

கட்டுவதற்குப் பணம் இருந்தபோது திறப்பதற்கு ஏன் தயக்கம்? விடை நிதி ஏற்பாட்டில் இருக்கிறது. 1996இல் வெளியான நிலப் போக்குவரத்து வெள்ளை அறிக்கையின்படி, தடம், நிலையங்கள், முதல் தொகுதி ரயில்கள் ஆகியவற்றின் செலவை அரசாங்கம் ஏற்கும். அன்றாட இயக்கச் செலவைக் கட்டண வருமானத்திலிருந்து இயக்கும் நிறுவனம் ஈடுகட்ட வேண்டும். ஆளில்லாத நிலையத்தைத் திறந்தால் விளக்குக்கும் ஊழியருக்கும் ஆகும் செலவு அந்த நிறுவனத்தின் கணக்கில் ஏறும். ஆகவே பொதுப்பணத்தில் கட்டப்பட்ட நிலையம் பூட்டியே கிடக்கும். வடகிழக்குப் பாதையிலேயே புவாங்கோக் 2006 ஜனவரி வரையிலும் உட்லீ 2011 வரையிலும் இப்படிக் கிடந்தன. 2005 ஆகஸ்டில் புவாங்கோக் நிலையத்தருகே பெருஞ்செலவில் கட்டிப் பயனின்றிக் கிடப்பதைக் குறிக்கும் வெள்ளை யானை உருவங்களை அட்டையில் செய்து நிறுத்திக் குடியிருப்பாளர்கள் தங்கள் மனக்குறையைத் தெரிவித்ததை இன்றும் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த வருத்தம் முற்றிலும் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். நிலையம் வருமென்று நம்பி வீடு வாங்கியவருக்கு, பூட்டிய நிலையம் இல்லாத நிலையத்தைவிட அதிக வேதனை தரும்.

2018 ஏப்ரல் 1 முதல் இந்த ஏற்பாடு மாறியது. வடகிழக்குப் பாதை, செங்காங்-பொங்கோல் இலகு ரயில் ஆகியவற்றின் இயக்கச் சொத்துகளை (ரயில்கள், சமிக்ஞைக் கருவிகள் போன்றவை) நிலப் போக்குவரத்து ஆணையம் 30.8 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கிக்கொண்டது. ரயில்களைப் புதுப்பிப்பதும் கூடுதலாக வாங்குவதும் ஆணையத்தின் பொறுப்பாயின. இரட்டைப் பெட்டி ரயில்கள் அந்த மாற்றத்துக்குப் பிறகே வாங்கப்பட்டன.

அண்மையில் திறக்கப்பட்ட பொங்கோல் கோஸ்ட் நிலையத்தில் எனக்கு நிறைவே. 2024 டிசம்பர் 10 அன்று, வடகிழக்குப் பாதையின் சுமார் 1.6 கிலோமீட்டர் நீட்டிப்பாக அது திறக்கப்பட்டபோது, அருகிலுள்ள சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் மாணவர்கள் வரத் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. பக்கத்தில் உருவாகிவந்த தொழில்நுட்ப நிறுவனங்களுக்கான பொங்கோல் மின்னிலக்க வட்டாரத்தின் பணிகள் இன்னும் நடந்துகொண்டிருந்தன. கூட்டம் சேரட்டும் என்று காத்திருக்காமல் திறந்தார்கள். வெறிச்சோடிய மேடையில் ஒரு மாலையில் நான் நின்றபோது, உட்லீக்கு இந்த வாய்ப்பு எட்டு ஆண்டுகள் கிடைக்கவில்லையே என்றுதான் தோன்றியது.

ஐந்து மதிப்பெண்ணில் இந்தச் சேவைக்கு நான்கு தருவேன். தடத்துக்கான இடமும் பணமும் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டதால்தான், அடுக்குமாடிகள் நெருங்கி எழுந்த பிறகு அவற்றைக் குடைந்து வழி தேடும் நிலை பொங்கோலுக்கு வரவில்லை. குறைக்கும் ஒரு மதிப்பெண் டெக் லீக்கானது.

சிங்கப்பூரின் மேற்கே உருவாகிவரும் புதிய நகரான தெங்காவில் வீடு எடுக்கலாமா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். 42,000 வீடுகளுக்குத் திட்டமிடப்பட்ட அந்த நகரில் வரிசை தலைகீழாக இருக்கிறது: 2023 முதல் மக்கள் குடியேறுகிறார்கள், ஜூரோங் வட்டார ரயில் பாதை இன்னும் கட்டப்பட்டு வருகிறது. ஒரு வேலைநாள் காலை ஏழரை மணிக்கு அங்கே போய், பேருந்து நிறுத்தத்தில் அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.